பாட்டின் மேல் எழுதிய பெயர்

ஒரு பாட்டைக் கேட்டவுடன் நாம் கேட்கும் முதல் கேள்வி, "இது யார் பாடினது?" என்பதுதான். யார் எழுதினது, யார் மெட்டுப் போட்டது என்று கேட்பவர்கள் குறைவு. அதிலும் ஒரே பாட்டை நாலைந்து பேர் பாடியிருந்தால், கடைசியாகப் பாடிப் பெயர் வாங்கியவருக்கே அது சொந்தமாகிவிடும். அதை முதலில் உண்டாக்கியவர் எந்த ஊரில், என்ன நிலையில் இருந்தார் என்பது பலருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

நான் சங்கீதம் படித்தவன் அல்ல. டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, 37 ஆண்டுகள் வேகன்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன். ஆனால் ரயில் வருகிற பாட்டு எந்த மொழியில் இருந்தாலும் எனக்குக் காது நின்றுவிடும். கரக்பூர், பிலாஸ்பூர் ரயில்வே காலனிகளில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இன்ஸ்டிடியூட்டில் சனிக்கிழமை மாலைகளில் ஆங்கிலோ-இந்திய டிரைவர்களும் கார்டுகளும் கிட்டார் வைத்துக்கொண்டு ஆங்கிலப் பாட்டுகள் பாடுவார்கள். அதில் பாதி ரயில் பாட்டாகவே இருக்கும். அப்படிக் காதில் விழுந்த மூன்று பாட்டுகளின் பூர்வீகத்தைத் தேடிப் படிப்பது ஓய்வுக்குப் பிறகு என் பொழுதுபோக்கு ஆயிற்று. படித்ததை நம் சங்கத்துக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் ஒரு சின்ன ரயில்வே பாடம். கூட்ஸ் வண்டி போகும்போது வேகன்களின் பக்கவாட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொன்றிலும் அது எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்ற எழுத்தும், அதற்கென்று ஒரு நம்பரும் பெயின்டில் இருக்கும். தென்கிழக்கு ரயில்வே வேகன் குஜராத் வரை போகலாம், பஞ்சாப் வரை போகலாம். யார் இழுத்தாலும் சரி, யார் சரக்கை ஏற்றினாலும் சரி, சொந்தக்காரர் பெயர் அழியாது. பெயின்ட் மங்கினால் ஒர்க்‌ஷாப்பில் மறுபடி எழுதுவோம். பாட்டும் வேகன் மாதிரிதான். ஊர் விட்டு ஊர் போகத்தான் அது பிறந்தது. ஆனால் அதன் மேல் எழுதிய பெயரை மட்டும் பல பேர் வழியிலேயே அழித்துவிடுகிறார்கள்.

வீட்டு வேலைக்காரியின் பாட்டு

'ஃப்ரைட் ட்ரெயின்', அதாவது 'கூட்ஸ் வண்டி', என்று ஒரு பாட்டு. மெதுவாக ஆரம்பித்து, சக்கரம் தண்டவாள இணைப்பில் தட்டுகிற தாளத்திலேயே ஓடும். 1957இல் இங்கிலாந்தில் சாஸ் மெக்டெவிட் என்பவரின் குழு, நான்சி விஸ்கி என்ற பாடகியோடு இதைப் பாடி வெளியிட்டது. அந்த நாட்டு விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போயிற்று. துணி துவைக்கும் பலகையில் விரலால் தாளம் போட்டு, கிட்டாரோடு பாடுகிற 'ஸ்கிஃபில்' இசை அங்கே கொடிகட்டிப் பறந்த காலம். 1963இல் அமெரிக்காவின் பீட்டர், பால் அண்ட் மேரி குழுவும் இதைப் பாடியது.

இங்கிலாந்தில் வெளிவந்தபோது இயற்றியவர்கள் என்று பதிவாகியிருந்தது இரண்டு ஆங்கிலேயர்களின் பெயர். உண்மையில் இயற்றியவர் அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம், வாஷிங்டனில் ஒரு வீட்டில் சமையலும் துணி மடிப்பும் செய்துகொண்டிருந்த எலிசபெத் காட்டன் என்ற கறுப்பினப் பெண்மணி.

அவர் பிறந்தது 1890களில், வட கரோலினா மாநிலத்தில் கார்பரோ என்ற சிற்றூரில். வீட்டுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. சிறுமியாக இருக்கும்போதே வீட்டு வேலைக்குப் போய், சம்பாதித்த காசில் 3 டாலர் 75 சென்ட்டுக்கு ஒரு கிட்டார் வாங்கினார். இடது கைப் பழக்கம் உள்ளவர். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. ஆகையால் கிட்டாரை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, மற்றவர்கள் கட்டை விரலால் மீட்டுகிற தந்திகளை மற்ற விரல்களாலும், விரல்களால் மீட்டுகிறவற்றைக் கட்டை விரலாலும் மீட்டத் தானே பழகினார். அந்த வாசிப்பு முறைக்கே பிற்பாடு அவர் பெயர் வந்துவிட்டது. 'ஃப்ரைட் ட்ரெயின்' பாட்டை அவர் கட்டியபோது வயது பன்னிரண்டுக்குள்தான் இருக்கும்.

பிறகு சிறு வயதிலேயே கல்யாணம், குழந்தை. உலகப் பாட்டெல்லாம் பாடக்கூடாது, பக்திப் பாட்டுதான் பாடவேண்டும் என்று தேவாலயத்தில் சொன்னார்கள். கிட்டாரை மூலையில் வைத்தவர், பல பத்தாண்டுகள் தொடவே இல்லை.

திருப்பம் வந்தது ஒரு கடையில். வாஷிங்டனில் ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரில் அவர் வேலை பார்த்தபோது, கூட்டத்தில் தொலைந்துபோன ஒரு சிறுமியைக் கண்டுபிடித்துத் தாயிடம் சேர்த்தார். அந்தச் சிறுமி பெக்கி சீகர். தாய் ரூத் க்ராஃபோர்ட் சீகர் என்ற இசையமைப்பாளர். அவர்கள் வீட்டுக்கே வேலைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். கிராமத்துப் பாட்டுகளைத் தேடித் தேடித் திரட்டிய குடும்பம் அது. பல ஆண்டுகள் கழித்துத்தான், சுவரில் மாட்டியிருந்த கிட்டாரை எடுத்து இந்த அம்மாள் வாசிப்பதை அந்த வீட்டுப் பிள்ளைகள் கேட்டார்கள். நாடெங்கும் பாட்டுத் தேடிய குடும்பத்துக்கு, அடுப்பங்கரையிலேயே புதையல் இருந்தது தெரியவில்லை பாருங்கள்.

பெக்கி வளர்ந்து 1950களில் இங்கிலாந்து போனபோது இந்தப் பாட்டை அங்கே பாடினார். கேட்டவர்களுக்குப் பிடித்தது, அங்கிருந்து அது கைமாறி வேறு பெயரில் பதிவானது. பிறகு சீகர் குடும்பத்தார் எலிசபெத் அம்மாள் பக்கம் நின்று போராட, உரிமையில் அவருக்கும் பங்கு உண்டு என்று ஆயிற்று. குடும்பத்தின் பிள்ளை மைக் சீகர் டேப் ரிக்கார்டரை அந்த அம்மாளின் வீட்டுக்கே எடுத்துப் போய்ப் பதிவு செய்து, 1958இல் ஃபோக்வேஸ் நிறுவனம் மூலம் அவரது முதல் இசைத்தட்டு வெளிவர வழி செய்தார். அறுபது வயதைத் தாண்டியபின் மேடை ஏறிய அவர், எண்பதுகளிலும் ஊர் ஊராகப் போய் வாசித்தார். கச்சேரியிலும் இசைத்தட்டிலும் வந்த பணத்தில் சிரக்யூஸ் நகரில் ஒரு வீடு வாங்கினார். வாழ்நாளின் பெரும்பகுதி அடுத்தவர் வீட்டில் வேலை செய்தவருக்கு, பாட்டு ஒரு வீடு கட்டிக் கொடுத்தது. 1987இல் காலமானார். அவருடைய பெயர் 2022இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமிலும் சேர்ந்தது.

ஐந்நூறு மைல்

இரண்டாவது பாட்டு உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாது என்று நினைப்பவர்களுக்கும் தெரியும். 1990இல் 'ஜுர்ம்' என்ற ஹிந்திப் படம் வந்தது. அதில் குமார் சானுவும் சாதனா சர்கமும் பாடிய 'ஜப் கோயி பாத் பிகட் ஜாயே' பாட்டு அந்த ஆண்டு பிலாஸ்பூரில் ஒலிக்காத டீக்கடை இல்லை. எழுதியவர் இந்தீவர், இசை ராஜேஷ் ரோஷன். கல்யாண வீடுகளிலும் ஆர்கெஸ்ட்ராக்களிலும் அது இன்றைக்கும் உண்டு. நம் சங்கத்துப் பிள்ளைகளும் பாடக் கேட்டிருக்கிறேன்.

முதல் தடவை அதை ரேடியோவில் கேட்டபோது, "இது நம் டிரைவர் பாடுகிற பாட்டல்லவா?" என்றுதான் தோன்றியது. அந்த மெட்டு '500 மைல்ஸ்' என்ற ஆங்கிலப் பாட்டின் மெட்டு. அதை உலகம் முழுவதும் கொண்டு போனவர்கள், 1962இல் தங்கள் முதல் இசைத்தட்டிலேயே பாடிய பீட்டர், பால் அண்ட் மேரி. 1963இல் பாபி பேர் என்பவர் கொஞ்சம் மாற்றிப் பாடி அமெரிக்காவில் பெரிய வெற்றி பெற்றார். பிரெஞ்சு மொழியில் ரிச்சர்ட் ஆன்தனி 1962இலேயே பாடிவிட்டார்; அந்தப் பிரெஞ்சுத் தலைப்புக்கு 'ரயில் கூவுவது கேட்கிறது' என்று அர்த்தம். 2013இல் வந்த 'இன்சைட் லூயின் டேவிஸ்' என்ற ஆங்கிலப் படத்திலும் இந்தப் பாட்டு உண்டு.

இத்தனைக்கும் பின்னால் இருப்பவர் ஹெடி வெஸ்ட். 1938இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். தந்தை டான் வெஸ்ட் ஒரு கவிஞர், தொழிலாளர் இயக்கத்துக்காரர். பாட்டியிடமிருந்து ஏராளமான மலைநாட்டுப் பாட்டுகளை ஹெடி கற்றார். சின்ன வயதில் மாமா முனகிக் கேட்ட துண்டு மெட்டுகளை வைத்து இந்தப் பாட்டை அவர் கட்டினார் என்கிறார்கள். பான்ஜோ வாசித்துக்கொண்டே, மெருகு பூசாத குரலில் பாடுவார். 2005இல் காலமானார்.

பாட்டின் விஷயம் என்ன தெரியுமா? வீட்டை விட்டு ரயிலேறி வெகுதூரம் போய்விட்ட ஒரு ஆள். கையில் காசில்லை, உடுத்த நல்ல சட்டை இல்லை, இந்தக் கோலத்தில் ஊருக்கு எப்படித் திரும்புவது என்ற வெட்கம். அவ்வளவுதான் பாட்டு. ஐந்நூறு மைல் என்பது சுமார் 800 கிலோமீட்டர். கரக்பூரிலிருந்து சென்னைக்கு அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம்மில் யாருக்குத்தான் அந்த வெட்கம் புரியாது? முதல் சம்பளம் வாங்கும்வரை ஊருக்குப் போகமாட்டேன் என்று தீபாவளியைக்கூட மெஸ்ஸில் கழித்தவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள்.

ஹிந்தியில் அதே மெட்டு, கஷ்டம் வந்தாலும் என்னைக் கைவிடாதே என்று கேட்கும் காதல் பாட்டாகிவிட்டது. அதுவும் அழகான பாட்டுதான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாட்டை உருகிப் பாடுகிறவர்களில் ஹெடி வெஸ்ட் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்? எலிசபெத் அம்மாளின் பெயர் பத்திரத்திலேயே விட்டுப்போயிற்று. ஹெடியின் பெயர் அமெரிக்க இசைத்தட்டுகளில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் நம் ஊருக்கு வந்து சேரவில்லை.

பெயர் போட்டுக் கொண்டாடிய பாட்டு

மூன்றாவது பாட்டு நேர்மையாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம். 'சிட்டி ஆஃப் நியூ ஆர்லியன்ஸ்' என்பது ஒரு ரயிலின் பெயர். சிகாகோவிலிருந்து தெற்கே நியூ ஆர்லியன்ஸ் வரை சுமார் 1,500 கிலோமீட்டர், பகல் வண்டியாக 1947இல் இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே தொடங்கியது. 1970 வாக்கில் அமெரிக்காவில் பயணி வண்டிகளுக்கு இறங்குமுகம். அந்த நேரத்தில் ஸ்டீவ் குட்மன் என்ற சிகாகோ இளைஞர், மனைவியின் பாட்டியைப் பார்க்க அந்த வண்டியில் போனார். போகும்போதே ஜன்னல் வழியாகப் பார்த்ததையும் பெட்டிக்குள் பார்த்ததையும் குறித்துக்கொண்டு பாட்டாக்கிவிட்டார். எத்தனை பெட்டி, எத்தனை கண்டக்டர், எத்தனை தபால் மூட்டை என்றுகூடப் பாட்டில் கணக்கு வரும். ரயில்வேக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்! இதை எழுதுவதற்கு முன்பே அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

குட்மன் 1971இல் தானே பாடி வெளியிட்டார். அவ்வளவாக எடுபடவில்லை. சிகாகோவில் ஒரு பாரில், புகழ்பெற்ற பாடகர் ஆர்லோ கத்ரியைப் பிடித்து, "ஒரு பாட்டுக் கேட்கிறீர்களா?" என்று கேட்டார். "ஒரு பீர் வாங்கிக் கொடு; அது தீரும்வரை கேட்கிறேன்" என்ற மாதிரி பதில் வந்ததாம். பீர் தீர்வதற்குள் பாட்டு பிடித்துப்போயிற்று. 1972இல் கத்ரி பாடி வெளியிட, அமெரிக்கப் பட்டியலில் 18ஆம் இடம். எந்த மேடையிலும் குட்மன் பெயரைச் சொல்ல கத்ரி தவறியதில்லை. பிறகு ஜானி கேஷ் பாடினார். 1984இல் வில்லி நெல்சன் பாடி முதலிடம் பிடித்தது. ஆனால் அதைப் பார்க்க குட்மன் இல்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 20ஆம் தேதி, 36 வயதில் காலமானார்.

ரயில்வேக்காரனாக எனக்கு மயிர்க்கூச்செறிய வைத்த செய்தி ஒன்று. 1971இல் அம்ட்ராக் என்ற அரசு நிறுவனம் பயணி வண்டிகளை எடுத்துக்கொண்டபின், அதே ஆண்டில் அந்த வண்டி இரவு வண்டியாகி, அதன் பெயரும் மாறியது. ஆனால் பாட்டு ஓடிக்கொண்டே இருந்ததால், 1981இல் பழைய பெயரையே திரும்ப வைத்தார்கள். வண்டி பாட்டைக் கொடுத்தது; பாட்டு வண்டிக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தது.

இன்னொரு பொருத்தம். 1985 பிப்ரவரியில் நடந்த கிராமி விருது விழாவில், சிறந்த கன்ட்ரி பாடலை இயற்றியதற்காக மறைந்த குட்மனுக்கு விருது. அதே விழாவில், சிறந்த நாட்டுப்புற இசைப் பதிவுக்காகத் தொண்ணூறு வயது எலிசபெத் காட்டனுக்கும் விருது. கூட்ஸ் வண்டியும் பயணி வண்டியும் ஒரே நாளில் ஒரே ஸ்டேஷன் வந்து சேர்ந்தன.

இரண்டு சென்ட்டின் மதிப்பு

அடுத்தவர் பாட்டைப் பாடுவது திருட்டா? இல்லை. அமெரிக்காவில் 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு முறை இசைத்தட்டாக வந்த பாட்டை வேறு யாரும் மறுபடி பாடிப் பதிவு செய்யலாம். ஆனால் விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் இயற்றியவருக்கு 2 சென்ட் கொடுக்க வேண்டும். 1978 வரை அதே ரேட். இரண்டு சென்ட் அற்பமாகத் தெரியும். பத்து லட்சம் தட்டு விற்றால் அது 20,000 டாலர். பெயர் மாறிப் பதிவானால் அந்தப் பணமும் மாறிப் போகும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லத் தேவையில்லை.

நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் இருக்கிறது. 1980களில் கேசட் வந்தபோது, பழைய ஹிட் பாட்டுகளை வேறு குரல்களில் பாடவைத்து மலிவு விலையில் விற்றது உங்களுக்கு நினைவிருக்கும். 2012இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி முதல் பதிவு வந்து ஐந்து ஆண்டுகள் கழிந்தபிறகே மறுபதிவு செய்யலாம்; உரிமைத்தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும்; இது மறுபதிவுதான் என்று அட்டையில் தெளிவாகச் சொல்ல வேண்டும். சினிமாப் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய ராயல்டி பங்கை அவர்களே நினைத்தாலும் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது என்றும் ஆயிற்று.

பணம் ஒரு பக்கம். பெயர் போனால் இன்னொன்றும் போகும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், துருப்பிடித்து இறுகிப்போன பிரேக் பின்னைத் தட்டி எடுக்க ஒரு ஃபிட்டர் பழைய கம்பியை வளைத்து ஒரு கருவி செய்தார். அரை மணி நேர வேலை ஐந்து நிமிடமாயிற்று. ஓராண்டு கழித்து அந்தக் கருவியின் படம் ஒரு சுற்றறிக்கையில் வந்தது. கீழே வேறொருவர் பெயர். "வேலை நடக்கிறதல்லவா சார், போகட்டும்" என்று ஃபிட்டர் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு, ஓய்வு பெறும்வரை, அவர் புதிதாக ஒரு கருவியும் செய்து நான் பார்க்கவில்லை. பெயரை அழித்தால், அடுத்து வரவேண்டியதும் வராமல் போய்விடும்.

நம் பெரியவர்களின் ஏற்பாடு

நம் முன்னோர்கள் இதைப் புரிந்து வைத்திருந்தார்கள். திருஞானசம்பந்தர் பதிகங்களின் கடைசிப் பாட்டைப் பாருங்கள். திருக்கடைக்காப்பு என்று சொல்லும் அந்தப் பாட்டில் தன் பெயரையும் ஊரையும் வைத்திருப்பார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓதுவார்கள் எத்தனையோ பேர் பாடியும், அது யார் பாட்டு என்பதில் சந்தேகமே வரவில்லை. கர்நாடக சங்கீதத்தில் அதற்கு முத்திரை என்று பெயர். தியாகராஜர் தம் பெயரையே வைத்தார். முத்துசுவாமி தீட்சிதர் 'குருகுஹ' என்று வைத்தார். சியாமா சாஸ்திரிகள் 'சியாம கிருஷ்ண' என்று வைத்தார். எங்கள் ரயில்வே மொழியில் சொன்னால், பெயின்டில் எழுதாமல் தகட்டிலேயே வெட்டிவிட்டார்கள். பாட்டைப் பாடுகிறவர், வேண்டாம் என்றாலும் இயற்றியவர் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆனால் சினிமாப் பாட்டுக்கும் தாலாட்டுக்கும் நடவுப் பாட்டுக்கும் முத்திரை கிடையாது. அங்கே நாம்தான் முத்திரை.

ஒரு வேண்டுகோள்

வாசகர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, நம் ஆண்டு விழா மெல்லிசை நிகழ்ச்சிக்கு. "அடுத்து வருவது எஸ்.பி.பி. ஹிட்" என்று அறிவிப்பதோடு நிறுத்தாமல், எழுதியவர், இசையமைத்தவர், முதலில் பாடியவர் மூன்று பேரையும் சொல்லலாம். ஒரு பாட்டுக்கு பத்து விநாடிகூட ஆகாது. வேறு மொழியிலிருந்து வந்த மெட்டானால் அதையும் சொல்லலாம்; பாட்டின் மதிப்பு குறையாது. பிள்ளைகளுக்கும் மொழி எல்லை தாண்டி ஒரு கதை கிடைக்கும்.

இரண்டு, வீட்டுக்கு. உங்கள் அம்மாவோ மாமியாரோ பாடுகிற தாலாட்டு, கும்மிப் பாட்டு, ஒப்பாரி எதுவானாலும் கைபேசியில் பதிவு செய்யுங்கள். எலிசபெத் காட்டனைப் போல, உங்கள் அடுப்பங்கரையிலும் ஒருவர் இருக்கலாம். பதிவின் தொடக்கத்தில் மூன்று விவரம் சொல்லச் சொல்லுங்கள்: பாடுகிறவர் பெயர், கற்றுக்கொடுத்தவர் பெயர், ஊர். இயற்றியவர் யார் என்று தெரியாவிட்டால், யாரிடம் கேட்டது என்பதையாவது சொல்லட்டும். இங்கே பிறந்து வளர்கிற நம் பேரக் குழந்தைகளுக்கு, ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்த ஊரின் பெயர் ஒரு பாட்டோடு சேர்ந்து மனதில் நிற்கும்.

விழா நிகழ்ச்சி நிரலை இப்படி நான்கு பத்தியாகத் தயார் செய்யும் வேலையை எனக்கே கொடுங்கள். பாட்டுப் பட்டியல் ஒரு மாதம் முன்னால் கையில் கிடைத்தால் போதும், பெயர்களைத் தேடி எழுதித் தருகிறேன்.